சபையின் முறைப்பாடுகளைக் கேட்க நான் இருந்த ஐந்து வருடம்

2018 பெப்ரவரியில் உள்ளூராட்சித் தேர்தல் நடந்து, புதிய சபைகள் அமர்ந்து சில மாதம் இருக்கும். திருகோணமலை மாவட்டத்தில் ஒரு சபையின் செயலாளர் ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார். நான் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்து ஓய்வுபெற்று இரண்டு வருடம். அதற்கு முன்னரே ஏழு வருடம் மத்தியஸ்த சபையில் இருந்தவன். எங்கள் ஆட்கள் அதை இணக்கசபை என்றுதான் சொல்வார்கள். சனி, ஞாயிறில் வகுப்பறைக் கதிரைகளில் உட்கார்ந்து கடன் சண்டை, வேலிச் சண்டை, வாய்ச்சண்டை கேட்ட அனுபவம் மட்டும்தான் என்னிடம் இருந்தது. கட்டடச் சட்டம் தெரியாது. அதை அவரிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

அவர் அலுமாரியைத் திறந்து காட்டினார். மதில், கான், மலகூடக் குழி, அனுமதி எடுக்காத மேல்மாடி, கட்டாக்காலி மாடு, ஒலிபெருக்கி என்று கோப்புகள் அடுக்கடுக்காக இருந்தன. எல்லாவற்றிலும் ஒரே நடைதான். யாரோ முறைப்பாடு எழுதுவார்கள். ரி.ஓ. என்கிற தொழில்நுட்ப உத்தியோகத்தர் போய் அளந்து அறிக்கை வைப்பார், இல்லாவிட்டால் பி.எச்.ஐ. என்கிற பொதுச் சுகாதாரப் பரிசோதகர் போவார். பதிவுத் தபாலில் அறிவித்தல் போகும். அதன் பிறகு ஒன்று நீதவான் நீதிமன்றம், இல்லாவிட்டால் தூசி. இடையில் அந்த வீட்டுக்காரரைக் கூப்பிட்டு "ஏன் இப்படிக் கட்டினீர்கள்?" என்று கேட்டவர் யாரும் இல்லை. அதற்கு ஓர் ஆள் வேண்டும் என்று சபை தீர்மானம் எடுத்திருந்தது.

என் அக்காவின் மகள் சிக்காகோவில் இருக்கிறாள். முற்றத்தில் புல் வளர்ந்ததற்காக அவளுக்கு ஒருமுறை மாநகரசபைத் துண்டு வந்து, அவள் போய்ப் பதில் சொன்ன கதையை முன்பே கேட்டிருந்தேன். அங்கே 1997 முதல் இதற்கென்றே தனித் திணைக்களம் இருக்கிறது. முறைப்பாட்டைக் கேட்பவர் இலினோய் மாநிலச் சட்டப்படி நியமிக்கப்பட்டவர். குறைந்தது மூன்று வருடம் சட்டத்தரணியாக இருந்திருக்கவேண்டும், பயிற்சியும் எடுத்திருக்கவேண்டும். நீதிமன்றத்தில் உள்ளதுபோல இறுக்கமான சாட்சிய விதிகள் அங்கே இல்லை. அபராதம் போடலாம், சிறைக்கு அனுப்ப முடியாது. தீர்ப்புப் பிடிக்காவிட்டால் நீதிமன்றத்துக்குப் போகலாம்.

எங்கள் நிலை அப்படி இல்லை. பிரதேச சபைகளுக்கு 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம், நகரசபைகளுக்கு 1939இன் கட்டளைச் சட்டம், மாநகரசபைகளுக்கு 1947இன் கட்டளைச் சட்டம். இவற்றை வைத்துச் சபை உபவிதி இயற்றலாம், அறிவித்தல் கொடுக்கலாம், வழக்குத் தொடரலாம். அபராதம் போடுவதும், இடிக்கச் சொல்லிக் கட்டளை இடுவதும் நீதவான் வேலை. நகர அபிவிருத்திப் பிரதேசமாகப் பிரகடனம் செய்த இடங்களில் 1978இன் நகர அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டத்தின் 28ஏ பிரிவும் அதே வழியில்தான் போகிறது. முதலில் அறிவித்தல், கேட்காவிட்டால் நீதவானிடம் விண்ணப்பம். ஆகவே ஒரு சபை தீர்மானம் போட்டு நியமிக்கும் ஆள் நீதிபதி ஆகமாட்டார். அவர் கேட்பார், பார்ப்பார், எழுதுவார், சிபாரிசு செய்வார். அவ்வளவுதான்.

இதைச் சனங்களுக்கும் சபை உறுப்பினர்களுக்கும் புரியவைக்கத்தான் முதல் வருடம் முழுவதும் போனது. அதனால், இப்படி ஒருவரை நியமிக்க நினைக்கும் எந்தச் சபைக்கும் நான் சொல்வது: ஆளைத் தேடுவதற்கு முன் கடிதத்தை எழுதுங்கள். என்னுடைய முதல் கடிதத்தில் "முறைப்பாடுகளை விசாரித்துத் தீர்ப்பதற்கு" என்று இருந்தது. "தீர்ப்பதற்கு" என்ற அந்த ஒரு சொல்லால் நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஒருவர் என் சிபாரிசைத் தீர்ப்பு என்று நினைத்துப் பக்கத்து வீட்டுக்காரரின் தகரத்தைத் தானே கழற்றப் போய், பொலிசுக்கு முறைப்பாடு போனது. அடுத்த நாளே போய்க் கடிதத்தை மாற்றித் தரச் சொன்னேன். அபராதம் விதிக்கவோ இடிக்கவோ சீல் வைக்கவோ அதிகாரம் இல்லை, சிபாரிசு செயலாளருக்குப் போகும், முடிவு எடுப்பது சபை, அதை ஏற்காதவர் நீதிமன்றம் போக எந்தத் தடையும் இல்லை. இவ்வளவும் கடிதத்தில் வந்தன. அதை மட்டை போட்டு, மூன்று மொழியிலும் விசாரணை மேசைக்கு மேலே ஒட்டினோம்.

பணமும் கடிதத்தில் இருக்கவேண்டும். ஓர் அமர்வுக்கு இவ்வளவு என்று போக்குவரத்துப் படி மட்டும்தான் எனக்கு. வந்த வருமானத்தில் ஒரு பங்கு தரலாமே என்று ஓர் உறுப்பினர் நல்ல மனதோடுதான் கேட்டார். அப்படி வாங்கத் தொடங்கினால் எல்லாரும் குற்றவாளியாகத்தான் தெரிவார்கள் என்று சொல்லி மறுத்தேன். அதேபோல, சபைக்குக் கட்டடப் படம் கீறிக் கொடுப்பவர், ஒப்பந்தக்காரர், காணித் தரகர் ஆகியோரில் எவரையும் இந்தக் கதிரையில் இருத்தக்கூடாது. எங்கள் ஊர் சின்னது. யாருடைய படத்தை யார் கீறினார் என்பது எல்லாருக்கும் தெரியும்.

என்னை அதிகம் படிப்பித்தது ஒரு மதில்தான்.

வடகரை வீதியில் இருந்து கடல் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கை. எழுபது வயது தாண்டிய ஓர் அம்மா. அவருடைய வளவுத் தண்ணீர் எப்போதும் பக்கத்து வளவின் ஓரமாக ஓடித்தான் ஒழுங்கைக் கானில் விழும். பக்கத்து வளவுத் தம்பி கட்டாரில் இருந்து திரும்பி வந்து மதில் கட்டினார். தண்ணீர் போக அடியில் ஓர் ஓட்டை விட்டிருந்தார். மாரி தொடங்கிய பிறகு அதை அடைத்துவிட்டார். "சேர், என்ட வீட்டுக்குள்ள முழங்கால் அளவுக்குத் தண்ணி. நான் கட்டில்ல கால் தூக்கி வைச்சுக்கொண்டு இருக்கிறன்" என்று அந்த அம்மா சொன்னபோது, என் மனதுக்குள் வழக்கு முடிந்துவிட்டது. தம்பியைக் கூப்பிட்டேன். அவர் அதிகம் பேசவில்லை. "நீங்க ஒருக்கா வந்து பாருங்கோ சேர், மழைக்குள்ள வாங்கோ" என்றார்.

நான் போகவில்லை. ஓட்டையைத் திறந்துவிடுங்கள் என்றேன், சம்மதித்தார். இரண்டு பேரும் கையெழுத்து வைத்தார்கள். இணக்கசபைப் பழக்கத்தில், இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டேன்.

மூன்று வாரத்தில் அம்மா திரும்ப வந்தார். அன்று பின்னேரம் நல்ல மழை. குடையையும் ரோச் லைட்டையும் எடுத்துக்கொண்டு ரி.ஓ.வோடு போனேன். மதிலின் அடியில் குனிந்து பார்த்தால், ஓட்டைக்குள் ஒரு பழைய சாரத்தைச் சுருட்டித் திணித்து, மேலே செங்கல் துண்டு ஒன்றை முட்டுக்கொடுத்திருந்தது. சாரத்தை இழுத்ததும் தண்ணீர் பாய்ந்தது. பாய்ந்த தண்ணீரின் மணம் முகத்தில் அடித்தது. வெளிச்சத்தில் பார்த்தால் சாம்பல் நிறத்தில், ஓரத்தில் நுரை. அது அந்தத் தம்பியின் கிணற்றுக் கட்டைச் சுற்றித்தான் கானுக்குப் போனது. ரி.ஓ. நாடாவைப் பிடித்தார். அம்மாவின் மலகூடக் குழிக்கும் தம்பியின் கிணற்றுக்கும் இடையில் 22 அடி. குழியின் மேல் மூடி வெடித்து, மழைத் தண்ணீர் உள்ளே போய் வழிந்துகொண்டிருந்தது. தம்பியின் மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம். அதனால்தான் அவர் சாரத்தைத் திணித்திருக்கிறார். வயதான மனிசியை மலகூட விஷயத்தில் சபைக்கு இழுக்க மனமில்லாமல் வாய் திறக்காமலும் இருந்திருக்கிறார்.

என் இணக்கம் இரண்டு பேருடைய சண்டையைத்தான் தீர்த்தது. குழி அதே இடத்தில் இருந்தது. இணக்கசபைக்கும் இந்த வேலைக்கும் உள்ள வேறுபாடு இதுதான். அங்கே இரண்டு தரப்பு. இங்கே மூன்றாவதாக ஒழுங்கையும் இருக்கிறது, கிணற்றுத் தண்ணீரும் இருக்கிறது, இன்னும் பிறக்காத பிள்ளையும் இருக்கிறது. இரண்டு பேரும் கைகொடுத்துக்கொண்டாலும் உபவிதி மீறல் போகாது. அதோடு, இடத்தைப் பார்க்காமல் எதையும் எழுதக்கூடாது. தண்ணீர்ப் பிரச்சினை என்றால் மழையில் பார்க்கவேண்டும். சத்தம் என்றால் இரவில். குப்பை என்றால் விடிய ஐந்து மணிக்கு. எங்கள் பக்கம் ஐப்பசி முதல் தை வரைதான் பெருமழை. ஆனியில் போய்ப் பார்த்தால் எல்லாக் கானும் நல்ல கான்தான்.

பி.எச்.ஐ. வந்தார். பழைய குழியைச் சபை பவுசரால் இறைத்து மூடி, வளவின் மறுபக்கத்தில் புதிய குழி வெட்டவேண்டும் என்றார். அம்மாவிடம் பணம் இல்லை. கனடாவில் உள்ள மகனுக்கு நானே தொலைபேசியில் விளங்கப்படுத்தினேன். அது என் வேலையில் அடங்குமா என்று தெரியாது, செய்தேன். ஓட்டைக்குப் பதிலாக நான்கு அங்குல எஸ்லோன் குழாய் ஒன்றை மதிலோரம் பதித்து, கிணற்றைத் தொடாமல் கானுக்கு விட்டார்கள். குழாய்க்குக் காசு கொடுத்தது தம்பி.

அதற்குப் பிறகு என் தாளில் மூன்று கேள்விகள் நிரந்தரமாக இருந்தன. மீறல் என்ன? அதனால் யாருக்கு என்ன கேடு? அதைச் சரிசெய்ய இந்த மனிதருக்கு எவ்வளவு காலமும் காசும் தேவை? மூன்றாவது கேள்வியை எந்த அறிவித்தலும் கேட்பதில்லை. 2022இல் சீமெந்து கிடைக்கவில்லை, கிடைத்தாலும் விலை கைக்கு எட்டவில்லை, பவுசருக்கு டீசல் இல்லை. அந்த வருடம் 14 நாளில் செய் என்று எழுதுவது அநியாயம். நான் மூன்று மாதம் எழுதினேன். காரணத்தையும் பக்கத்திலேயே எழுதினேன். காரணம் எழுதாமல் காலம் கொடுத்தால், அடுத்த ஆளுக்கு ஏன் கொடுக்கவில்லை என்று கேள்வி வரும்.

மொழி விஷயத்தைச் சொல்லாமல் விடமுடியாது. திருகோணமலையில் ஒரே ஒழுங்கையில் மூன்று சமூகமும் இருக்கும். ஒருநாள் ஒரு சிங்கள ஐயா மூன்று அறிவித்தல்களை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தார். மூன்றும் தமிழில். எதையும் அவரால் வாசிக்க முடியவில்லை. சோலைவரிப் பட்டியல் என்று நினைத்து, ஒவ்வொரு முறையும் வரி மேசைக்குப் போய், பாக்கி இல்லை என்று சொல்லக் கேட்டுத் திரும்பியிருக்கிறார். கோப்பிலோ "மூன்று முறை அறிவித்தும் சமுகமளிக்கவில்லை" என்று எழுதியிருந்தது. வடக்கு கிழக்கில் நிர்வாக மொழி தமிழ் என்றாலும், சிங்களத்தில் தொடர்புகொள்ளவும் பதில் பெறவும் அவருக்கு அரசியலமைப்பிலேயே உரிமை உண்டு. அந்தக் கோப்பு வழக்குக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்து அன்று இரவு எனக்கு நித்திரை இல்லை. அடுத்த மாதத்தில் இருந்து இரு மொழியிலும் அறிவித்தல் அனுப்பினோம். கீழே தடித்த எழுத்தில் ஒரு வரியும் சேர்த்தோம்: எந்த மேசைக்கு, எந்த நாள், எத்தனை மணிக்கு, என்ன காகிதத்தோடு வரவேண்டும் என்று. உறுதி, அளவைப்படம், அனுமதிக் கடிதம், போனில் எடுத்த படம். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு ஜி.எஸ். என்கிற கிராம சேவகர் வாயால் சொல்லவேண்டும் என்றும் கேட்டுக்கொண்டோம். கூப்பிட்டும் வராதவர்களின் எண்ணிக்கை நன்றாகக் குறைந்தது.

விசாரணை எங்கே நடக்கிறது என்பதும் சின்ன விஷயமில்லை. முதலில் தவிசாளரின் அறைக்குப் பக்கத்து அறையைத் தந்தார்கள். வருகிற ஆட்கள் என்னைப் பார்ப்பதற்கு முன் அந்தக் கதவைத்தான் பார்த்தார்கள். உள்ளே போய் ஒரு சொல் சொல்லிவிட்டு வந்தால் நல்லதோ என்று நினைப்பார்கள். நினைப்பது இயல்பு. நூலகத்தின் வாசிப்பு அறையைச் சனிக்கிழமை காலையில் கேட்டு வாங்கினேன். வட்டார உறுப்பினர் யாரும் விசாரணையில் உட்காரக்கூடாது என்றேன். ஒருவர் கோபித்துக்கொண்டு ஒரு வருடம் என்னோடு கதைக்கவில்லை. கோவில் வீதியில் கண்டால் மறுபக்கம் போவார். பரவாயில்லை.

இன்னொரு தவறு, இதை எழுதும்போதும் மனது குறுகுறுக்கிறது. ஒலிபெருக்கி முறைப்பாடு ஒன்றில் எதிர்த்தரப்பாக வந்த இளைஞன் என்னிடம் பத்தாம் வகுப்பு படித்தவன். "சேர்!" என்று எழும்பிக் கும்பிட்டான். நானும் பெயர் சொல்லி "இரு" என்றேன். அதற்குப் பிறகு நான் எவ்வளவு நேர்மையாகக் கேட்டாலும் என்ன? முறைப்பாடு கொடுத்தவரின் மனைவி வெளியே போகும்போது சொன்னார்: "அவர் உங்கட பிள்ளைதானே சேர், எங்களுக்கு இனி என்ன இருக்கு." அவர் சொன்னது சரி. அன்றே கோப்பைத் திருப்பிக் கொடுத்து, வேறு ஒருவர் கேட்க ஒழுங்கு செய்யச் சொன்னேன். முப்பத்தைந்து வருடம் ஒரே ஊரில் படிப்பித்தவனுக்கு மாணவன் இல்லாத வீடு எங்கே இருக்கிறது? ஆகவே ஒருவரை மட்டும் நியமிப்பது போதாது. இரண்டு பேர், முடிந்தால் மூன்று பேர், அதில் ஒருவராவது பெண், சமூகம் கலந்து இருக்கவேண்டும். இணக்கசபையில் ஒவ்வொரு தரப்பும் ஒருவரைத் தெரிந்து, அந்த இருவர் மூன்றாமவரைத் தெரிவார்கள். அந்த நல்ல பழக்கத்தை இங்கேயும் கேட்டிருக்கவேண்டும். கேட்கத் தோன்றவில்லை.

எழுதுவதைப் பற்றி ஒரு சொல். அவர்கள் சொன்னதை அவர்கள் சொன்னபடியே எழுதி, திரும்ப வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்கவேண்டும். "அனுமதியின்றிக் கட்டியதை ஏற்றுக்கொண்டார்" என்று எழுதுவதும், "மகளின் கலியாணத்துக்கு முன் ஓர் அறை வேண்டியிருந்தது, படம் கீறக் கொடுத்தேன், ஐந்து மாதமாக வரவில்லை" என்று எழுதுவதும் ஒன்றல்ல. இரண்டாவதைப் பார்த்துத்தான் படம் கீறுபவரைக் கூப்பிடவேண்டும் என்று தெரியவந்தது. அந்த ஒருவரின் மேசையில் இப்படிப் பதினொரு வீட்டுப் படங்கள் தேங்கிக் கிடந்தன.

மான் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கோட்டைப் பக்கத்து மான்கள் பட்டினத் தெருவில் திரிவதை வந்தவர்கள் எல்லாரும் படம் எடுப்பார்கள். அவை கடைக் குப்பைப் பைகளைக் கிழித்துத் தின்பதையும் பொலித்தீனை விழுங்குவதையும் விடிய எழும்புகிறவர்கள் பார்த்திருப்பார்கள். ஒரு சாப்பாட்டுக் கடை நானாவைக் கூப்பிட்டேன். அவர் இரவு பதினொரு மணிக்குக் கடை பூட்டும்போது பையை வெளியே வைக்கிறார், வண்டி வருவது காலை ஏழுக்கு. எட்டு மணி நேரம் அது தெருவில் கிடக்கிறது. அவரில் பிழை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மூடி போட்ட வாளி, வண்டி வரும்போது திறந்து கொடுக்கப் பக்கத்துத் தேநீர்க் கடைப் பையன், அவ்வளவில் முடிந்தது.

எல்லாமே அப்படி முடியவில்லை. ஒரு மூன்று மாடிக் கட்டடம் வீதிக்கோட்டுக்குள், அதாவது வீதிக்கென்று ஒதுக்கிய எல்லைக்குள், வந்திருந்தது. உரிமையாளர் மிக மரியாதையாக வருவார். ஒருமுறை அளவைப்படம் தேடுகிறேன் என்பார், ஒருமுறை தம்பி வெளிநாட்டில் என்பார், ஒருமுறை சுகமில்லை என்பார். நான்கு தவணை கொடுத்தேன். நான்காவது தவணைக்கு ரி.ஓ. போனில் ஒரு படம் காட்டினார். இரண்டாவது தட்டுக்கு மேல் மூன்றாவது தட்டின் கொங்கிறீட் போட்டு முடிந்திருந்தது. நான் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்த மூன்று மாதமும் அவர் கட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். என் பொறுமையை அவர் கட்டுமானக் காலமாகப் பாவித்தார். அன்றே கோப்பை வழக்குக்குச் சிபாரிசு செய்தேன். அதன்பின் மூன்று விதி வைத்தோம். விசாரணை நடக்கும்போதும் வேலையை நிறுத்தச் சொன்ன அறிவித்தல் அப்படியே அமுலில் இருக்கும். தவணை இரண்டுக்கு மேல் இல்லை. முதல் அமர்வுக்கு முந்திய நாள் ரி.ஓ. திகதியோடு படம் எடுத்துக் கோப்பில் வைக்கவேண்டும். யாருக்குக் காலம் கொடுப்பது, யாரை உடனே நீதவானிடம் அனுப்புவது என்பதைப் பிரித்துப் பார்க்கத் தெரியாவிட்டால், இந்தக் கதிரை சட்டம் மீறுபவர்களுக்குத்தான் நிழல் கொடுக்கும். உயிருக்கு ஆபத்து, வீதிக்கோடு, கடலோரம், அறிவித்தலுக்குப் பிறகும் தொடரும் கட்டுமானம் என்ற இந்த நான்கையும் பிறகு நான் கையில் எடுக்கவே இல்லை. கடலோரத்துக்கு 1981இன் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் தனியாக இருக்கிறது, அது சபை மட்டும் பேசி முடிக்கிற காரியமும் அல்ல.

2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்தது. என் நியமனம் சபையின் தீர்மானத்தில் தொங்கியதால் அதுவும் அன்றோடு முடிந்தது. அப்போது 26 கோப்புகள் பாதியில் நின்றன. இதை நான் முன்கூட்டி யோசித்திருக்கவேண்டும். அடுத்து நியமிப்பவர்கள், சபை கலைந்தால் கோப்பு யாரிடம் போகும், கொடுத்த காலக்கெடு செல்லுமா என்பதைக் கடிதத்திலேயே எழுதிவையுங்கள். கடைசி இரண்டு வாரம் நான் செய்தது இதுதான்: ஒவ்வொரு கோப்புக்கும் முன்தாளில் அரைப் பக்கம் எழுதினேன். யார், என்ன, இடம் பார்த்த திகதி, ஒத்துக்கொண்டது, மிச்சம் இருப்பது. செயலாளர் ஒவ்வொன்றாக வாசித்துக் கையெழுத்து வைத்து எடுத்தார். வழக்குக்குப் போகவேண்டிய ஐந்தைத் தனியாகச் சிவப்பு நாடாவால் கட்டிக் கொடுத்தேன்.

போன கார்த்திகை மழையில் அந்த வடகரை வீதி ஒழுங்கைக்கு ஒரு மரணவீட்டுக்குப் போனேன். அந்த அம்மாதான். மகன் கனடாவில் இருந்து வந்திருந்தார். பந்தல் போட, மதிலின் ஒரு பகுதியைக் கழற்றி இரண்டு வளவையும் ஒன்றாக்கியிருந்தார்கள். கட்டார்த் தம்பி கதிரை அடுக்கிக்கொண்டு நின்றார். அவருடைய பிள்ளை, நான்கைந்து வயது இருக்கும், குழாய் கானில் விழும் இடத்தில் காகிதக் கப்பல் விட்டுக்கொண்டிருந்தது. குனிந்து பார்த்தேன். தண்ணீர் தெளிவாக இருந்தது.